ஒரு கட்டு என்ன விலை

குண்டானில் தண்ணீர் இன்னும் முனகக்கூட ஆரம்பிக்கவில்லை, அதற்குள் கீழே முதல் வீட்டு வாசலில் ஷூச் சத்தம் வந்து நின்றுவிட்டது. வந்துட்டாங்க. பத்தரைக்கு மேலதான் வருவாங்கன்னு குமுதா சொன்னாளே, இப்ப பத்துகூட ஆகியிருக்காது, ஃபாக்டரி டீச் சங்கு இன்னும் ஊதலை. சுபாஷினி அடுப்புக்குள் இன்னொரு சீகைக் கட்டையைத் தள்ளப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். போதும், உள்ளே கிடக்கிற பாதிக் கட்டையே தண்ணியைச் சூடாக்கிடும், இல்லைன்னா இன்னும் கொஞ்சம் ஊதிக்கலாம், வாய்க் காத்துக்கு எவனும் விலை வைக்கலை இன்னும். அவளுக்கே சிரிப்பு வந்தது. பக்கத்தில் சாக்கு விரித்து, அதன்மேல் கம்பளி விரித்து, அதன்மேல் புருஷன் சசியின் பழைய ஸ்வெட்டருக்குள் பொட்டலமாகக் கிடந்த பாப்பா கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வாரம். பிறந்தபோது இரண்டு கிலோவுக்கு இருநூறு கிராம் குறைவு, இன்னும் மூன்றைத் தொடவில்லை. பாதத்தைத் தொட்டுப் பாருங்க, பாதம் சில்லுன்னு இருந்தா பிள்ளைக்குக் குளிர்ன்னு அர்த்தம், அந்த வீட்டுல கணப்பு அணையவே கூடாது என்று நர்ஸம்மா விரலை ஆட்டிச் சொன்னதிலிருந்து சுபாஷினியின் வலது கை தானாகவே அந்த ஸ்வெட்டருக்குள் போய்ப் போய் வருகிறது, சோறு வடிக்கும்போதும், தலை சீவும்போதும், தூக்கத்திலும். இப்பவும் போனது. கதகதப்பாகத்தான் இருந்தது. அவள் கைதான் சில்லென்று இருந்தது.

"வணக்கம்மா, வழங்கல் ஆபீஸ்லேர்ந்து வர்றோம்." பொம்பளைக் குரல். மெதுவான, படித்த, ஒருவரையும் அதட்டிப் பழகாத குரல். ஆபீஸர் பொம்பளையா? ஆம்பளை ஆபீஸரா இருந்தா அதட்டுவான், அதட்டினா நமக்கும் பதில் வந்துடும். இப்படி மெதுவா கேக்கறவங்ககிட்டதான் உண்மை வாய்தவறி விழுந்துடும். இந்த எஸ்டேட் லைன் வீடுகளில் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி, கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடி வரைக்கும் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே தகரக் கூரை, ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் பன்னிரண்டு வீட்டிலும் தும்மல். ஆகையால் கீழே வாசலில் பேசுவது அவள் காதுக்கே சொன்னமாதிரி வந்து சேர்ந்தது. அடுத்து ஒரு ஆம்பளையின் தும்மல், கிளார்க்காக இருக்கும், பிறகு காகிதம் திருப்பும் சத்தம், பிறகு அந்தக் கேள்வி. "போன வாரம் விறகு வாங்கினீங்களா? ஒரு கட்டு என்ன விலைக்கு வாங்கினீங்க?" முதல் வீட்டுக் குமுதா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தொண்ணூறுங்க." பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வரும் நாளைக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்த விடையைச் சொல்வாளே முதல் பெஞ்சுக்காரி, அதே ராகம்.

தொண்ணூறு. நேற்று பைப்படியில் பன்னிரண்டு குடத்தையும் வரிசையில் வைத்துவிட்டு எல்லாரும் கூடி முடிவு செய்த விலை. முடிவு செய்ததென்ன, ரேஷன் கடைச் சுவரில் கலெக்டர் ஆபீஸ் நோட்டீஸில் அச்சடித்திருக்கிற விலைதான் அது. காட்டுல சீகை மரத்தை ஏலம் எடுத்தவர் பங்குனி வரைக்கும் மலைக் குடியிருப்புகளுக்கு ஒரு கட்டு தொண்ணூறுக்குக் கொடுக்கணும், கூட வாங்கினால் இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்க. கொடுக்கிறது நூற்று நாற்பது. அதுவும் போன மாதம் நூற்றுப்பத்து, உறைபனி விழுந்த வாரத்திலிருந்து நூற்று நாற்பது. வேறென்ன செய்ய, காட்டுக்குள்ளே பொறுக்கப் போனால் ஃபாரஸ்ட்காரன் அரிவாளைப் பிடுங்கிக்கொள்கிறான், அவன் விட்டாலும் சிறுத்தை விடாது. கரண்ட் ஹீட்டரை ஒருத்தர் போட்டால் லைன் முழுக்க ஃபியூஸ் போகிறது, அப்புறம் ஹீட்டர் போட்டவளுக்குக் குளிரே தெரியாது, பதினொரு வீட்டுப் பேச்சிலேயே சூடாகிவிடும். ஏலம் எடுத்த லோகு அண்ணன் ஜீப்பில் கொண்டுவந்தால்தான் விறகு. பைப்படிக்கு அவரே வந்திருந்தார், குரங்குக் குல்லாவை நெற்றிவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, தோளில் துண்டோடு. கத்தவில்லை. "யாரோ மகராசி போன் பண்ணியிருக்கா. நாளைக்கு ஆபீஸர் வர்றாங்களாம். சொல்றதைச் சொல்லுங்க, நான் தடுக்கலை. என் லைசென்ஸ் போனா விறகு பாலத்துக்குக் கீழயே நின்னுடும், அங்கேர்ந்து நீங்க தலைச்சுமையா தூக்கிட்டு வரலாம், அவ்வளவுதான்." பாலத்திலிருந்து லைனுக்கு நாலு மைல் ஏற்றம். எல்லாரும் வாய்க்குள் தொண்ணூறு தொண்ணூறு என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். சுபாஷினியும் சொன்னாள். எல்லாரையும்விட சத்தமாகச் சொன்னாள். போன் பண்ணினது அவள்தான்.

எண்ணெய் எங்கே. இங்கேதான் அடுப்பு ஓரத்தில் வைத்தேன், உறைந்திருக்கும் என்று. தேங்காய் எண்ணெய் இந்த ஊரில் டிசம்பரில் கத்தியால் வெட்டி எடுக்கிற சாமான். கிண்ணத்தில் இளகி நின்றதைத் தொட்டு உள்ளங்கையில் தேய்த்து, ஸ்வெட்டரை முழுக்கக் கழற்றாமல் ஒரு கை, அப்புறம் ஒரு கால் என்று தவணை தவணையாக வெளியே எடுத்து உருவிவிட்டாள். "என்னடி பாக்குற. உங்கம்மா கலெக்டருக்கே போன் போட்டவ, தெரியுமா." ஐயையோ, இதென்ன வாய், சுவருக்கு மேலே ஒரு முழம் திறந்து கிடக்கிறது, மெதுவா. பாப்பா சுருக்கம் விழுந்த முகத்தோடு கொட்டாவி விட்டாள். எதற்காகப் போட்டேன் என்று இப்போது கேட்டால் என்ன சொல்வது. கோபத்தில்தான். கோபம்கூட இல்லை. அன்றைக்குக் காலையில் ஸ்வெட்டருக்குள் கையை விட்டால் பாதம் இரண்டும் ஓடைக் கூழாங்கல் மாதிரி இருந்தது, நகத்துக்கு அடியில் நாவல்பழ நிறம், சசி ஃபாக்டரிக்குப் போய்விட்டான், அடுப்பில் சாம்பல். மார்புக்குள் பாதத்தை வைத்து அழுத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினால் லோகு அண்ணன் கட்டை இறக்கிக்கொண்டிருந்தார். "ரெண்டு கட்டு போடுங்கண்ணே." "முப்பது கூட ஆச்சு சுபா. பனி விழுந்தா விறகு ஏறும்." "ஏன்ணே, பனி விழுந்தா விறகுக்கும் குளிருமா, சட்டை வாங்கிப் போடப் போறீங்களா." அவரும் சிரித்தார், அவளும் சிரித்தாள், ஒரு கட்டுதான் வாங்க முடிந்தது. சிரித்த வாயோடு, பிள்ளையை மார்போடு அணைத்தபடியே, பத்தடியிலிருக்கும் ரேஷன் கடைப் பக்கம் போனவள்தான். நோட்டீஸிலிருந்த நம்பர் அவளைப் பார்த்தது. தன் பட்டன் போனில் அடித்துவிட்டாள். இரண்டே நிமிஷம். அந்தப் பக்கத்து ஆள் டீ குடித்துக்கொண்டே கேட்டான். என்ன பொருள், என்ன விலை, யார் கொடுக்கிறது, எந்த ஊர். "உங்க பேரும்மா?" போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். "சரி, பேரு வேண்டாம், ரகசியமாவே இருக்கட்டும். வீட்டு நம்பர் மட்டும் சொல்லுங்க, வந்து விசாரிக்கணும்ல." அதைச் சொன்னாள். நாலு. அதோடு திரும்பி வந்து, அந்த ஒரு கட்டில் பாதியை எரித்து, பாதம் சிவக்கும்வரைக்கும் தேய்த்து, சசியிடம்கூட மூச்சு விடவில்லை.

"ரெண்டாம் நம்பர். ஒரு கட்டு என்ன விலைக்குங்க?" "தொண்ணூறுதாம்மா." "பில்லு கொடுக்கறாங்களா?" "கொடுக்கறாங்க, ஆனா அடுப்பு பத்தவைக்க உதவும்னு எரிச்சுடறோம்." ரெண்டாம் வீட்டுக் கிழவனாருக்கு எங்கிருந்துதான் வருகிறதோ. கிளார்க் மறுபடி தும்மினான். எழுதுகிற சத்தம் கேட்கவில்லை, கேட்காது, ஆனால் பேனா நிற்பதும் நகர்வதும் அவளுக்குத் தெரிந்தது. தொண்ணூறு, தொண்ணூறு. இவங்க நம்புவாங்களா? கடையில் பாக்கெட் பால் வாங்கினால்கூட ஆளுக்கொரு விலை சொல்லும் ஊரில் எல்லாரும் நோட்டீஸில் போட்டமாதிரி ஒரே விலையா? யாராவது ஒருத்தர் தொண்ணூற்றி ஐந்து என்று சொல்லியிருக்கலாம், கூலி அஞ்சு ரூபா என்று. அதைப் பைப்படியில் எனக்குச் சொல்லத் தோன்றவில்லையே. தோன்றாதது நல்லதுதான், எனக்கு எதற்கு இந்த யோசனை, நான் எந்தப் பக்கம்? அவங்க நம்பணும்னு நினைக்கிறேனா, நம்பக்கூடாதுன்னா? அவள் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தாள். இதமாக இருந்தது. இன்னும் கொஞ்சம். நம்பிவிட்டால் போய்விடுவார்கள். போய்விட்டால் லோகு அண்ணன் கட்டை இறக்குவார், நூற்று நாற்பது, தை மாதம் நூற்று எழுபது, வாங்க முடிந்தவள் வாங்குவாள். நம்பாவிட்டால் லைசென்ஸ் போகும், விறகே வராது, யாராலும் வாங்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கும் என்று நினைத்துத்தானே நீ போன் பண்ணினாய்? விலை மட்டும் இறங்கி, ஆள் அப்படியே இருக்கிற மாதிரி ஒன்று. அரசாங்கம் வந்து லோகு அண்ணனின் காதை மட்டும் திருகிவிட்டுப் போகும் என்று. படிச்ச பள்ளிக்கூடம் அப்படி, ஹெட்மாஸ்டர் காதைத் திருகினதோடு கணக்குத் தீர்ந்துவிடும்.

அந்தக் காதைப் பற்றி நினைக்கும்போதே அவளுக்கு முதுகு உறுத்தியது. அன்று சனிக்கிழமை மத்தியானம் வலி எடுத்து, ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் என்று சொன்னபோது, அதே லோகு அண்ணன் ஜீப்பிலிருந்த விறகையெல்லாம் ரோட்டோரமாகவே தள்ளிக் கொட்டிவிட்டு, சாக்கை மடித்து மடித்து மெத்தை மாதிரி போட்டு, பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவையும் ஹாரனிலேயே கையை வைத்துக்கொண்டு இறக்கினார். சாக்குக்கு மேலேயும் சீகைப் பட்டை குத்தியது. ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்க்காமலே கேட்டுக்கொண்டு வந்தார். "இருக்கியா சுபா." "இருக்கேன்ணே." "இருக்கியா." "இருக்கேன்ணே, நீங்க ரோட்டைப் பாருங்க, இல்லைன்னா மூணு பேரும் இருக்க மாட்டோம்." டீசலுக்குக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஆரஞ்சு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மனுஷன்தான் முப்பது ரூபாய் ஏற்றினார். இரண்டு லோகுவா? ஒரே லோகுதான். ஒரே கை. அவரைக் கேட்டால் அவரும் மேலே கை காட்டுவார், செக்போஸ்ட்டில் கொடுக்கிறது, ஏலத்தில் உள்ளுக்குள் கொடுக்கிறது, டயர். எல்லாருக்கும் மேலே ஒருத்தன் இருக்கிறான், குளிர் மட்டும் கீழே படுத்திருக்கிறது. சரி, அதனால் என்ன, மன்னித்துவிட வேண்டியதா? பாப்பாவின் பாதம் அன்றைக்கு நீலமாக இருந்ததா இல்லையா? இருந்தது. ஆரஞ்சு இனிப்பாக இருந்ததா இல்லையா? இருந்தது.

தண்ணீர் ஆவி விட்டது. துணி கட்டின பலகையில் உட்கார்ந்து, சேலையைச் சுருட்டிச் செருகி, காலை நீட்டிக்கொண்டு, பாப்பாவைக் குப்புற முழங்காலில் கிடத்தினாள். இதெல்லாம் அவளுக்கு யாரும் செய்து காட்டவில்லை, சசியின் போனில் யாரோ ஒரு மதுரைப் பெண் குளிப்பாட்டுகிற வீடியோவை நாற்பது தடவை பார்த்துப் படித்தது. அந்த மதுரைப் பெண்ணுக்கு வெயில் இருந்தது, அவசரமில்லாமல் பாட்டுப் பாடிக்கொண்டே ஊற்றினாள், இங்கே பாட்டுப் பாடினால் பாட்டு முடிவதற்குள் தண்ணீர் ஆறிவிடும். முதல் சொம்பு முதுகில். பாப்பா வீறிட்டாள். "அழு, அழு, அழுதா உடம்பு சூடாகும், அது இலவசம்." மூன்றாம் வீட்டில் தொண்ணூறு சொல்லி முடித்தாயிற்று. இன்னும் ஆறாவது நிறுத்தம் நான். வந்து கேட்பார்கள், தொண்ணூறு என்பேன், சிரித்துக்கொண்டே சொல்வேன், எனக்குச் சிரிப்பு வரும், எனக்கு எல்லாத்துக்கும் சிரிப்பு வரும். ஆனால் அவங்க கையில் இருக்கும் காகிதத்தில் என் வீட்டு நம்பர் இருக்குமே. 'நாலாம் நம்பர் நீங்கதானே, போன் பண்ணினது நீங்கதானே' என்று அந்த மெதுவான குரலில் கேட்டால்? வாசலில் லோகு அண்ணன் நின்றுகொண்டிருப்பார். ரகசியம்னு சொன்னானே, டீ குடிச்சவன். இரண்டாவது சொம்பு. நேற்று பைப்படியில் யார் போன் பண்ணினது என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தபோது எஸ்தர் அக்கா பக்கம்தான் எல்லாப் பார்வையும் போனது. எஸ்தர் அக்காவுக்கு இந்த லைனில் சண்டை போடாத வீடு கிடையாது, தண்ணிக்கு, கோழிக்கு, துணி காயப்போட்ட கயிற்றுக்கு. அந்தப் பார்வையைப் பொறுக்க முடியாமல்தான் சுபாஷினி சொன்னாள்: "எஸ்தர் அக்கா புகார் சொல்லணும்னா போன்லயா சொல்லும், நேராப் போய் ஆபீஸரையே நாலு திட்டு திட்டிட்டு வந்துரும்." எல்லாரும் சிரித்தார்கள். எஸ்தர் அக்கா சிரிக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நான் காப்பாற்றினேனா, இல்லை, யார் வாயிலும் வராத பேரை எடுத்து நடுவில் வைத்தேனா?

"நாலு," என்றது கிளார்க்கின் குரல். "மேடம், இதான். நாலாம் நம்பர்."

சொம்பு பாதி வழியில் நின்றது. எங்கே நாலு? நாலு நான். நாலு இங்கே. அவங்க இன்னும் கீழேதானே இருக்காங்க, மூணாம் வீட்டைத் தாண்டி, அது எஸ்தர் அக்கா வீடு, அது ஒன்பது, எல்லாருக்கும் தெரியும் ஒன்பதாம் நம்பர் எஸ்தர். சுபாஷினியின் கண் தன் வீட்டு நிலைப்படிக்குப் போனது, உள்ளேயிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, ஆனாலும் போனது. வெளியே நிலைக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்பில் எஸ்டேட்காரன் எழுதின 4, மேல்கோடியிலிருந்து எண்ணி. பக்கத்திலேயே போன கோடையில் பஞ்சாயத்துக்காரன் ஆணி அடித்துவிட்டுப் போன நீலத் தகடு, கீழ்க்கோடியிலிருந்து எண்ணி, 9. ஒருத்தரும் அந்தத் தகட்டைச் சட்டை பண்ணியதில்லை, வரி ரசீதுக்கு மட்டும் அது, மற்றபடி தபால்காரன், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாத்துக்கும் வெள்ளை நம்பர்தான். அவளும் பிறந்ததிலிருந்து நம்பர் என்றால் வெள்ளை நம்பர்தான். ஆபீஸ்காரர்களுக்கு நீல நம்பர். நாலு என்று சொன்னேன். நாலு என்று சொன்னேனே. நான் என்னைத்தான் சொன்னேன். காகிதத்தில் அது எஸ்தர் அக்கா ஆயிடுச்சு.

பாப்பா முழங்காலில் நெளிந்தாள், ஈரத் தோல் எண்ணெயில் வழுக்கியது. தண்ணீரை ஊற்று, ஊற்றி முடி, ஈரத்தோடு வைத்திருக்காதே. ஊற்றினாள். கை தானாக ஊற்றியது, காது மட்டும் ஐந்து சுவருக்கு மேலே ஏறிப் போய்விட்டது. "பயப்படாதீங்கம்மா," அந்த மெதுவான குரல். "நீங்க போன்ல சொன்னதை எங்ககிட்ட ஒரு தடவை சொன்னா போதும்." அவர்கள் பின்னாலேயே கொண்டுவந்து நிறுத்தின ஜீப் பக்கத்தில் லோகு அண்ணனின் இருமல். "எந்தப் போன்?" "விறகு விலை பத்தி. இந்த வீட்டு நம்பர் கொடுத்துத்தான் புகார் வந்திருக்கு." "ஏங்க, புகார் சொல்றதா இருந்தா உங்க ஆபீஸைப் பத்தித்தான் முதல்ல சொல்லுவேன். என் வீட்டுக்காரருக்கு ஊனமுற்றோர் பணம் கேட்டு எழுதி ரெண்டு வருஷமாச்சு." எஸ்தர் அக்காவின் குரல் வழக்கம்போலத்தான் இருந்தது, கரகரப்பாக. ஆனால் வழக்கமாக ஒரு வாக்கியம் சொன்னால் பின்னாலேயே ஒன்பது வரும். இன்றைக்கு இரண்டோடு நின்றது. "அப்ப நீதானாக்கா," என்றார் லோகு அண்ணன். கோபமே இல்லாமல். அதுதான் பயமாக இருந்தது, எடை போட்டுப் பார்த்துவிட்டு எடைக்கல்லைக் கீழே வைக்கிறமாதிரி. "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க," ஆபீஸர். "நிக்கிறேன் மேடம். நான் ஒண்ணும் மிரட்டலை. என் ஜீப்பு, எந்த வாசல்ல இறக்கணும்னு நான் முடிவு பண்றேன், அது சட்டப்படி தப்புன்னா சொல்லுங்க." அந்த வாசலுக்கு உள்ளே ஸ்டீபன் அண்ணன் படுத்திருக்கிறார். சில்வர் ஓக் மரத்தில் கிளை வெட்டப் போய் விழுந்து, இடுப்புக்குக் கீழே இரண்டு வருஷமாக அசைவில்லை, அசையாத உடம்பில் ரத்தம் உறைந்துபோகும் என்று எஸ்தர் அக்கா அவர் கட்டிலுக்கு அடியில் ராப்பகலாகக் கணப்பு வைத்திருக்கிறது. அவர் காலும் சில்லென்றுதான் இருக்கும். பெரிய பாதம். அதை எந்த ஸ்வெட்டருக்குள் வைக்கிறது?

"அம்மா, நீங்க ஒரு கட்டு என்ன விலைக்கு வாங்கினீங்க?" சொல்லு அக்கா. உண்மையைச் சொல்லிடு, நூத்தி நாப்பதுன்னு சொல்லிடு, பேரு எப்படியும் உன் தலையிலே விழுந்துடுச்சு, இனி விலையையாவது வெளியே கொட்டு, திட்டு, நேத்து நான் சொன்ன மாதிரி நாலு திட்டு திட்டு. எஸ்தர் அக்கா நன்றாக மூச்சை இழுத்து விட்டது இங்கே வரைக்கும் கேட்டது. "தொண்ணூறு." "நிச்சயமா?" "தொண்ணூறுன்னா தொண்ணூறு. எழுதிக்கங்க." பைப்படியில் ஒருத்தரும் அதனிடம் நீயும் இதையே சொல்லு என்று கேட்கக்கூட இல்லை, அதுதான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதே. எப்படித் தெரியும் அதுக்கு? தெரியும், சுவருக்கு மேலே ஒரு முழம் இடைவெளி. எல்லாரோடும் சண்டை போடுகிற பொம்பளை, எல்லாரும் சொன்ன பொய்யை, தனக்கு விறகு வராது என்று தெரிந்த பிறகும் சொல்கிறது. சுபாஷினிக்கு முகம் காந்தியது, அடுப்பால் இல்லை. சும்மா இருந்துவிடு. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், அவங்க அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவாங்க, இங்கே வந்ததும் தொண்ணூறு என்று சொல், சாயங்காலம் உன் கட்டிலிருந்து பாதியை எஸ்தர் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடு, அது வாங்கிக்கொள்ளாது, முகத்திலேயே எறியும், வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்துவிடு. நாளைக்கு? நாளை மறுநாள்? எத்தனை நாளைக்குப் பாதிப் பாதி? பங்குனி வரைக்குமா? உன் பிள்ளைக்கே பாதிதான் இருக்கிறது. உன் பிள்ளை. நீ இப்போ வாயைத் திறந்தால் நாளைக்கு இந்த அடுப்பில் என்ன? இதோ இந்த விலா எலும்பு, எண்ணலாம்போல இருக்கிறதே, இதற்குமேல் இன்னும் சதையே ஏறவில்லையே. ஒருத்தர் காலா, இன்னொருத்தர் காலா? கேள்வி அப்படித்தான் நிற்கிறது. அப்படி நிற்காத மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள், விறகை எந்தப் பக்கம் திருப்பினாலும் விறகு.

துண்டு எங்கே. இதோ. தலையைத் துவட்டு, முதலில் தலை, உச்சி, காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பு. அவசரத்தில் கழுத்து மடிப்பில் ஈரம் விட்டுவிடாதே. ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் கம்பளி, கம்பளிக்கு மேல் தன் சேலைத் தலைப்பு. அவள் எழுந்தபோது முழங்கால் இரண்டும் மரத்துப்போய் மரக்கட்டைபோல மடங்க மறுத்தன, சேலை முழுக்க ஈரம், கை முழுக்க எண்ணெய். நான் ஏன் எழுந்தேன்? துணி மாற்றத்தான். துணி அந்தப் பக்கம் கொடியில் இருக்கிறது, கால் இந்தப் பக்கம் கதவுக்குப் போகிறது. சசியிடம் கேட்டிருக்கலாம். சசி சொல்லியிருப்பான், பேசாம இரு, உனக்கெதுக்கு. எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். தாழ்ப்பாளில் விரல் வழுக்கியது. இரண்டாம் தடவை திறந்தது. வெளியே வெளிச்சம் வெள்ளையாக முகத்தில் அறைந்தது, முற்றத்துப் புல்லெல்லாம் இன்னும் உப்புக் கொட்டியமாதிரி உறைபனி, கால் வைத்தால் நொறுங்குகிறது, செருப்புப் போடவில்லை. எட்டாம் வீடு, ஏழாம் வீடு. நீலத் தகடு ஒவ்வொன்றும் கண்ணில் பட்டது, இத்தனை நாள் இருந்ததே தெரியாததுகள். ஒவ்வொரு கதவிடுக்கிலும் ஒரு கண். அவள் நடக்கிறாளா, ஓடுகிறாளா? ஓடாதே, சறுக்கும், கையில் பிள்ளை.

ஆபீஸர் அம்மா அவள் நினைத்ததைவிடச் சின்னவள், மஃப்ளருக்குள் மூக்கு சிவந்திருந்தது. கிளார்க் அட்டையில் காகிதம் வைத்திருந்தான். லோகு அண்ணன் ஜீப்பின் பின்பக்கப் பலகையில் கையை ஊன்றி நின்றிருந்தார், பலகை இன்னும் இறக்கப்படவில்லை, விறகு உள்ளேயே இருந்தது. எஸ்தர் அக்கா வாசலில், இடுப்பில் கை. சுபாஷினி சிரிக்கப் பார்த்தாள், பழக்கம், உதடு அசையவில்லை. "நாலாம் நம்பர் நான்தாங்க." யாருக்கும் புரியவில்லை. "எங்க வீட்டுல வெள்ளையா எழுதியிருக்கிறது நாலு. நீலத் தகட்டுல ஒன்பது. நான் வெள்ளையைச் சொல்லிட்டேன். போன் பண்ணினது நான்தான். இந்த அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது." சொல்லி முடிந்ததும் காது இரண்டும் அடைத்துக்கொண்டன, மலை இறங்கும் பஸ்ஸில் அடைக்குமே அப்படி. ஒருத்தர் முகத்தையும் பார்க்க முடியாமல் கம்பளிப் பொட்டலத்தையே பார்த்தாள், அதிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது, வெந்நீர்ச் சூடு, குளிப்பாட்டின சூடு, வெள்ளையாக மேலே போய்க் கலைந்தது. அப்போது எஸ்தர் அக்கா பேசியது. "அறிவிருக்காடி உனக்கு. குளிப்பாட்டின பிள்ளையைப் பனிக்குள்ள தூக்கிட்டு வர்றவளைப் பார்த்திருக்கேனா நான். கொடு இங்க." கொடுக்கக் காத்திருக்கவில்லை, பிடுங்கிக்கொண்டது. "நீ பேசிட்டு வா. நல்லாப் பேசிட்டு வா." கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஸ்டீபன் அண்ணன் யாரு யாரு என்று கேட்பதும், அடுப்புக்குள் ஒரு கட்டை விழுவதும், பாப்பா அழுகையை நிறுத்துவதும் கூரை வழியாக வெளியே வந்தது.

"நீயா சுபா," என்றார் லோகு அண்ணன்.

"நான்தான்ணே."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு ஆரஞ்சு முதல் பாதம் வரைக்கும் எல்லாவற்றையும் வைத்திருந்தாள். ஆபீஸர் அம்மா காகிதத்தைப் புரட்டி, புதுப் பக்கம் எடுத்து, அதே குரலில், மற்ற வீட்டில் கேட்டமாதிரியே கேட்டாள். "ஒரு கட்டு என்ன விலைக்கு வாங்கினீங்கம்மா?" கைகள் காலியாக இருந்தன. ஏழு வாரத்தில் இப்படி விழித்திருக்கும்போது இரண்டு கையும் காலியாக அவள் நின்றதே இல்லை, எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைத் தேடினாள். தொண்ணூறு என்ற சொல் நாக்கின் நுனியில் தயாராகத்தான் இருந்தது, நேற்றிலிருந்து ஊறப்போட்டது. அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டியிருந்தது. "நூத்தி நாப்பது. அதுக்கு முன்னாடி நூத்திப் பத்து. பனி விழுந்ததும் முப்பது ஏறுச்சு." கிளார்க் எழுதினான். தும்மல் வந்தும் அடக்கிக்கொண்டு எழுதினான். மேலே எங்கேயோ ஒரு கதவு மெதுவாகத் திறந்தது, அல்லது மெதுவாகச் சாத்தியது, இரண்டுக்கும் ஒரே சத்தம். "இதுக்குக் கீழ கையெழுத்துப் போடுங்க. பேரு கொடுக்க வேண்டாம்னா இப்பவும் சொல்லலாம்." சுபாஷினி பேனாவை வாங்கினாள். எண்ணெய்க் கையில் பேனா மீன்குஞ்சாக நழுவியது, காகிதத்தின் ஓரத்தில் கண்ணாடிமாதிரி ஒரு கறை விழுந்து அடிப்பக்கத்து எழுத்தெல்லாம் தெரிந்தது. மறுபடி பிடித்தாள், மறுபடி நழுவியது. முகத்துக்கு முன்னால் ஒரு துண்டு நீண்டது. சீகைத் தூள் ஒட்டின துண்டு. "துடைச்சுட்டுப் போடு," என்றார் லோகு அண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல். "அழிஞ்சு போச்சுன்னா மறுபடி வந்து நிப்பாங்க." அவள் வாங்கித் துடைத்தாள், விரல் விரலாக. நன்றியா, வெறுப்பா, அந்தக் குரலில் எது என்று கண்டுபிடிக்கத் துண்டைத் திருப்பிக் கொடுக்கும்போது நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஏற்கெனவே ஜீப்பை நோக்கித் திரும்பியிருந்தார், குல்லாவும் முதுகும்தான் தெரிந்தது. அவர் முன்பக்கம் போகிறாரா, பின்பக்கம் போகிறாரா? சாவி திரும்புமா, பலகை இறங்குமா? இரண்டில் எந்தச் சத்தம் முதலில் வரும் என்று காது முழுக்க அங்கேயே இருக்க, சுபாஷினி குந்தி உட்கார்ந்து, காகிதத்தை முழங்காலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சு-வைப் போட்டு, பா-வைப் போட்டு, பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டபடி ஒவ்வொரு எழுத்தாக, முழுப் பேரையும் எழுதிக்கொண்டிருந்தாள்.